உள்கம்பிப் பையும் வெளிக்கம்பிப் பையும்

டிசம்பர் 7, ஞாயிறு

அம்பாசமுத்திரத்தின் வரலாற்றை யாராவது எழுத நேர்ந்தால் இன்றைய தேதியைத் தவிர்க்க முடியாது. மாலையில், ஆவுடையப்பனின் மருந்துக் கடைப் பின்னறையில் கூடிய தாமிரபரணி மலைநடைக் கழகம், மலையேறுவதற்குப் புதிய முதுகுப்பைகள் வாங்குவது என்று முடிவெடுத்தது. இதுவரை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுத் தீர்த்த பைகளோடுதான் மலையேறி வந்திருக்கிறோம். என் முதுகில் போன ஆண்டு வரை ஒரு வண்ணத்துப்பூச்சி இருந்தது. ஒரு யுகம் முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். டீயும் கீரை வடையும் வழங்கப்பட்டன.

பை வாங்குவது உறுதியாகிவிட்டது. எந்தப் பை என்பதில்தான் சிக்கல். மலையேறிகளின் பைகளில் இரண்டு சமயங்கள் உண்டு. ஒன்றில் அலுமினியக் குழாயாலான சட்டம் வெளியே தெரியும். பை அதன்மேல் தொங்கும். மற்றதில் கம்பிகளைத் துணிக்குள் வைத்துத் தைத்திருப்பார்கள். பை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முன்னதை வெளிக்கம்பி என்றும் பின்னதை உள்கம்பி என்றும் கழகம் பெயரிட்டது. பெயர்சூட்டும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எங்கள் கழகத்தில் எல்லாமே ஒருமனதாகத்தான் நிறைவேறும். எதிர்த்துக் கை தூக்கினால் முன்மொழிந்தவர் மனம் நோகும். மறுநாள் அவரைக் கடைத்தெருவில் பார்க்க வேண்டியிருக்கும்.

தலைவர் ஞானமுத்து வெளிக்கம்பியை முன்மொழிந்தார். அவர் அரசுக் கால்நடை மருத்துவர். பாரம் சுமப்பவர்களைப் பற்றிப் பேச எங்களில் அவருக்குத்தான் தகுதி அதிகம்.

"கழுதைக்குச் சேணம் எதுக்கு வைக்கான்? முதுகெலும்புல பாரம் படக் கூடாதுன்னுதான். பைக்கும் முதுகுக்கும் நடுவுல காத்து போவணும்வே. நாலு கால்ல நிக்கதுக்கே அது வேணும்னா, ரெண்டு கால்ல நிக்கவனுக்கு வேண்டாமா?"

ஏழு பேரும் கை தூக்கினோம். வெளிக்கம்பி ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்து 'இதர விஷயங்கள்'. தமக்குப் பதவி உயர்வு வந்திருப்பதாகவும், மார்ச் முதல் வாரத்தில் கிருஷ்ணகிரியில் பொறுப்பேற்க வேண்டும் என்றும் தலைவர் அறிவித்தார். அனைவரும் கைதட்டினர். ஆவுடையப்பன் கடையிலிருந்த துண்டு ஒன்றைப் பொன்னாடையாகப் போர்த்தினார்.

அதைத் தொடர்ந்து, செயலாளர் திருமலைக்கொழுந்து ஆகிய நான், எழுந்து உள்கம்பியை ஆதரித்துப் பேசினேன். நெடுநேரம் பேசியதாகச் சொல்கிறார்கள். இந்தப் பொருள் குறித்து அதுவரை எனக்குக் கருத்து எதுவும் இருந்ததில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கருத்து என்பது பேசப் பேச வருவது. உள்கம்பிதான் வாங்க வேண்டும் என்ற என் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியது. ஞானமுத்துதான் முதலில் கை தூக்கினார்.

டிசம்பர் 8, திங்கள்

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு ஆவுடையப்பன் வந்தார். அவர் கழகத்தின் பொருளாளர். எங்களில் இளையவர், எடையில் மூத்தவர்.

"அண்ணாச்சி, ரெண்டு தீர்மானமும் பாஸாயிட்டு. நான் எந்தப் பையை வாங்க?"

"தீர்மானப்படி வாங்கும்."

"எந்தத் தீர்மானப்படி?"

"ரெண்டும் ஒருமனதானதுதான்."

அவர் கொஞ்ச நேரம் வார இதழ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

வீட்டில் என் மனைவி குழலி, "டாக்டர் அண்ணாச்சிக்கு மாத்தலாமே?" என்றாள். பதவி உயர்வு என்று திருத்தினேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

வகைக்கு ஒன்றாக இரண்டு பைகளை மாதிரிக்கு வரவழைப்பது என்று பொருளாளர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். மதுரையிலிருந்து வருகின்றன.

இதற்கிடையில் நான் வாசிப்பில் இறங்கினேன். எங்கள் நூலகத்தில் முதுகுப்பை பற்றி நூல் எதுவும் இல்லை. நெருங்கிய பொருளில் ஒட்டகப் பராமரிப்புக் கையேடு ஒன்று இருந்தது. அது வெளிக்கம்பித் தரப்புக்கு உதவக்கூடும் என்பதால் பின்வரிசைக்கு மாற்றி வைத்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

பைகள் வந்தன. நடுநிலை கருதி, அவரவர் எதிர்க்கும் பையை அவரவரே சுமந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. வெளிக்கம்பியில் அரிசி நிரப்பி எனக்கு மாட்டினார்கள். உள்கம்பியில் ஞானமுத்து புண்ணாக்கு நிரப்பிக்கொண்டார். எடை சமம் என்று ஆவுடையப்பன் கடைத் தராசில் உறுதி செய்தார். பாபநாசம் சாலையில் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும்.

இரண்டு பைகளிலும் இடுப்புப் பட்டை உண்டு. பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்குவது அதன் வேலை. முதலில் ஆவுடையப்பன் மாட்டிப் பார்த்தார். அவருடைய இடுப்பு எங்கே தொடங்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு ஏற்பட்டதால் அவர் நடுவராக நியமிக்கப்பட்டார்.

வெளிக்கம்பி சத்தம் போடுகிறது. குழாய்கள் சேரும் மூட்டில், ஒவ்வோர் அடிக்கும் 'கிரீச்' என்கிறது. பஸ் நிலையம் தாண்டுவதற்குள் இரண்டு நாய்கள் சேர்ந்துகொண்டன. டீக்கடைப் பக்கத்து வேப்பங்கிளையில் சட்டத்தின் கொம்பு மாட்டிக்கொண்டது. டீ ஆற்றியவரே வந்து விடுவித்தார். ஞானமுத்து முன்னால் போனார். அவர் சட்டை முதுகில் ஈரம் படர்ந்து பை அளவுக்கு ஒரு வரைபடம் உருவாகியிருந்ததைப் பின்னாலிருந்து கவனித்தேன்.

திரும்பி வந்ததும் விவாதம்.

"ஈரச் சாக்கைக் கட்டிவிட்ட மாரி இருக்குவே," என்றார் ஞானமுத்து.

"ஒம்ம பை ஊரையே கூட்டுது," என்றேன். "இந்தச் சத்தத்தோட மலையேறினா இருக்கற யானை எல்லாம் எறங்கிப் போயிரும்."

"பாரம் சொமக்கது எல்லாம் சத்தம் போடத்தான் செய்யும். ஒரு மனுசன் கொஞ்ச தூரம் சொமந்துட்டு வந்து எவ்வளவு சத்தம் போடுதீரு, நீரு போடலாம், பை போடக் கூடாதோ?"

"ஒமக்கென்னவே. நீரு பாட்டுக்கு எறக்கி வச்சிட்டுப் போயிருவீரு."

இதை நான் பையைக் குறித்துத்தான் சொன்னேன்.

ஞானமுத்து புண்ணாக்கைக் கொட்டிவிட்டு, உள்கம்பியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தம்முடைய வெளிக்கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளம்பினார். அரிசியைக் கொட்ட மறந்துவிட்டார். ஆவுடையப்பன் வாங்கி வைத்த வடை ஏழும் மீந்தது.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். ஞானமுத்து வீட்டிலிருந்து வழக்கமாக வரும் கேக் வந்தது. வழக்கமாகக் கொண்டுவரும் ஞானமுத்து வரவில்லை. கூடவே ஒரு சாக்கில் என் அரிசியும் வந்தது.

டிசம்பர் 28, ஞாயிறு

கழகம் இரண்டாகிவிட்டது. அவர்கள் மூன்று பேர். பெயர், தாமிரபரணி மலைநடைக் கழகம். நாங்கள் மூன்று பேர். பெயர், தாமிரபரணி மலைநடைக் கழகம் (அசல்). அவர்கள் சனிக்கிழமை கூடுவார்கள், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை. இடம், ஆவுடையப்பன் கடைப் பின்னறையேதான்; ஊரில் வேறு அறை இல்லை. பொருளாளரும் இரண்டுக்கும் ஆவுடையப்பன்தான். சனிக்கிழமை வடையும் ஞாயிற்றுக்கிழமை வடையும் தின்ன வேண்டியிருக்கிறது என்பதைத் தவிர அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறின. நேற்று அவர்கள் கூட்டத்திலும் அப்படியே என்று ஆவுடையப்பன் சொன்னார். கேட்காமலே சொன்னார். நான் கேட்டது ஞானமுத்து வந்திருந்தாரா என்று மட்டும்தான்.

ஜனவரி 5, திங்கள்

ஆண்டுக்கு ஒரு முறை கூனிப்பாறைக்கு ஏறுவது கழகத்தின் மரபு. அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். பிப்ரவரி எட்டாம் தேதிக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனேன். அதே தேதிக்கு ஒரு விண்ணப்பம் ஏற்கெனவே மேசையில் இருந்தது. எழுத்தர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"குறைஞ்சது அஞ்சு பேரு இருக்கணும் சார். நீங்க நாலு. இவங்களும் நாலு."

"ஆமா."

"ரெண்டுலயும் ஆவுடையப்பன்னு ஒருத்தரு வாறாரே?"

"அவரு பொருளாளர்."

இது அவருக்குத் திருப்தியளித்ததாகத் தெரியவில்லை. "ஒண்ணா சேந்து வாங்க சார். இல்லன்னா அனுமதி கெடையாது. பிப்ரவரி பாதிக்கு மேல காட்டுத்தீக்காகப் பாதையை மூடிருவோம். அப்புறம் மழை முடிஞ்சுதான்."

"அதனால என்ன," என்றேன். "மலை எங்கயும் போயிராது."

"மலை போவாது சார்," என்றார்.

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் குழலி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அப்பம் இந்த வருசம் மலை கெடையாதா?"

கொள்கைப் பிரச்சினை என்றேன். உள்கம்பியின் எடைப் பரவல் பற்றியும் கொஞ்சம் விளக்கினேன்.

"அது கெடக்கட்டும். வருசா வருசம் பாறை மேல உக்காந்து என் புளியோதரையை டாக்டர் அண்ணாச்சி திங்காவ, அவுக வீட்டு ரெபேக்காள் மைனி கட்டிவிடுத தேங்காச் சோறை நீங்க திங்கிய. நான் உப்புப் போடும்போதே அவுக வாய்க்குன்னுதான் போடுவேன். உங்களுக்கு உப்பு கம்மியா இருக்கணும். இந்த வருசம் யாருக்குப் போட?"

இது எடைப் பரவலோடு தொடர்பில்லாத கேள்வி என்று குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஞானமுத்து வீட்டுக்குக் கரும்பு கொடுத்து அனுப்பினேன். கழகத்தின் சார்பில் அல்ல.

ஜனவரி 19, திங்கள்

பூனைக்கு உடம்பு சரியில்லை. காலையிலிருந்து மந்தமாக இருந்தது.

"அதுக்கு ஒண்ணும் இல்லங்க," என்றாள் குழலி.

"கண்ணைப் பாரு. பாதி மூடியிருக்கு."

"அது பூனை."

இருந்தாலும் வாயில்லாத ஜீவன். நூலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொன்னேன். பூனையைக் கொண்டுபோகக் கூடை எதுவும் அகப்படவில்லை. குழலி கூடையை எடுத்துக் காட்டினாள். அதன் பிடி அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. உள்கம்பிப் பையில் வைத்து, தலை வெளியே தெரியும்படி வாரை இழுத்துக் கட்டினேன். பாரம் முதுகோடு ஒட்டியே வந்தது. பூனை என் சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கால்நடை மருத்துவமனையில் எனக்கு முன்னால் ஒரு பசுவும் இரண்டு ஆடுகளும் காத்திருந்தன. வரிசைப்படி போனேன்.

ஞானமுத்து நிமிர்ந்து பார்த்தார். முதலில் பையை, பிறகு பூனையை, கடைசியாக என்னை.

"என்ன செய்யுதுவே?"

"மந்தமா இருக்கு. சாப்பாடு எறங்கல."

வாயைத் திறந்து பார்த்தார். "மீசையில பாலாடை ஒட்டியிருக்கு."

"அது நேத்து உள்ளதா இருக்கும்."

வயிற்றை அழுத்திப் பார்த்தார், காதைப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார். எதையும் அவசரமாகச் செய்யவில்லை. வெளியே பசுக்காரர் இருமினார்.

"பூனைக்கு ஒண்ணும் இல்ல. காத்து பத்தல, அவ்வளவுதான். இப்பிடி முதுகோட ஒட்டுன பையில போட்டுக் கொண்டாந்தா எதுக்கும் மூச்சு முட்டும்."

மருத்துவரின் கருத்து என்பதால் மறுக்கவில்லை.

பூனையை மேசைமேல் விட்டுவிட்டு அவர் கை கழுவினார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். "போன வாரம் கிருஷ்ணகிரியில வீடு பாக்கப் போயிருந்தேன். சுத்திலும் பாறை பாறையா மலைதான் கெடக்கு. ஏறுததுக்குக் கூப்புட ஒரு பயலைத் தெரியாது."

"மாடு இருக்கும்லா?"

"மாடு மலையேறாதுவே."

ஞானமுத்து பூனையைத் தடவிக் கொடுத்தார்.

"காட்டு ஆபீஸ்ல அஞ்சு பேரு கேக்கானாம்லா," என்றார்.

"எங்கள்ட்ட நாலு பேரு."

"எங்கள்ட்டயும் நாலு பேரு. ஆவுடையப்பன் ரெண்டு மட்டம் ஏறணும்."

"அவன் ஒரு மட்டம் ஏறுததே சந்தேகம்."

ஞானமுத்து சிரித்தார். சிரிக்கும்போது அவர் தோள் குலுங்கும்; அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பிறகு ஒரு சீட்டில் டானிக் எழுதிக் கொடுத்தார்.

"பூனைக்கா?"

"ஒமக்குவே. முகம் என்ன இப்பிடி வாடிக் கெடக்கு?"

சீட்டை ஆவுடையப்பனிடம் கொடுத்தேன். அவர் எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மருந்தோடு கூட ஒரு வடையும் கொடுத்தார்.

ஜனவரி 25, ஞாயிறு

இரு கழகங்களின் கூட்டுக் கூட்டம். கழகம் பிளவுபட்டதே இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எந்தப் பை என்ற கேள்வியைக் கூனிப்பாறை முடிவு செய்யும் என்றும் தீர்மானிக்கப்பட்டது. பழைய ஏற்பாட்டின்படியே எதிரெதிர்ப் பைகளை நானும் தலைவரும் சுமப்போம். மற்றவர்கள் பள்ளிக்கூடப் பைகளோடு வருவார்கள். வண்ணத்துப்பூச்சிப் பையை ஆவுடையப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 7, சனி

குழலி புளி கரைத்து வைத்தாள். உப்பு நிறையப் போட்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஏழு பேரும் ஏறினோம். ஆவுடையப்பனும் ஒரு முறை முழுதாக ஏறினார்.

வனக்காவலர் முன்னால், ஞானமுத்து அவருக்குப் பின்னால், நான் மூன்றாவது. என் முதுகில் வெளிக்கம்பி. பனி ஈரத்தில் மூட்டு இன்னும் தாராளமாகச் சத்தம் போட்டது. முதல் ஏற்றத்திலேயே வனக்காவலர் திரும்பி, "சார், அதுக்குக் கொஞ்சம் எண்ணெய் போட்டிருக்கலாமே?" என்றார். "இருக்கட்டும், யானைக்கு நம்ம வாறது தெரியட்டும்," என்று ஞானமுத்து எனக்காகப் பதில் சொன்னார்.

சோலைக்குள் பாதை குறுகுகிறது. கிளைகளில் சட்டம் மாட்டாமலிருக்கக் குனிந்து குனிந்து நடந்தேன். பைக்கும் முதுகுக்கும் நடுவே நல்ல காற்று வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓடை தாண்டியதும் ஷூவின் கால்வார் அவிழ்ந்துவிட்டது. கட்டுவதற்காகக் குனிந்தேன். முன்னால் போய்க்கொண்டிருந்த ஞானமுத்து நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னவே, சத்தத்தைக் காணும்?"

"கால்வார் அவுந்துட்டு."

"சரி, கெட்டிட்டு வாரும்."

நான் எழுந்து நடந்த பிறகு அவரும் நடந்தார். அதன்பின் எங்கே நான் நின்றாலும் அவர் நின்றார். மூச்சு வாங்கி நின்றபோதும், ஒரு பறவையைப் பார்க்க நின்றபோதும், ஒருமுறை சும்மாவே நின்றபோதும்.

உச்சிப் பாறையில் காற்று பலமாக இருந்தது. கீழே அணை, வயல், எங்கள் ஊர், ஆறு எல்லாம் ஒரு கைக்குள் அடங்கின. பைகளை இறக்கினோம். ஞானமுத்துவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இதும் மோசமில்லவே," என்றார். "வேர்க்குது, அது வாஸ்தவம். ஆனா ஏறி உக்காந்த பொறவு ஆடல, அசையல. நம்ம கூடவே வருது."

"காத்து இதுலதான் நல்லா வருது," என்றேன் நானும்.

இருவரும் எதிரணிக்குத் தாவிவிட்டதைச் சபையில் தெரிவிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதுவும் ஒருமனதாக.

பொட்டலங்களை மாற்றிக்கொண்டோம். ரெபேக்காள் மைனி தேங்காய்ச் சோற்றில் முந்திரி அதிகம் போட்டிருந்தார். ஞானமுத்து புளியோதரையை ஒரு வாய் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார். பிறகு, "உப்பு கூட," என்றார். பொட்டலத்தைக் காலி செய்தார். இலையைக்கூட வழித்துத் தின்றார்.

ஆவுடையப்பன் வண்ணத்துப்பூச்சியைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். இறங்கும்போதும் அதே வரிசைதான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

முழங்கால் வலி. இரண்டு நாளாக வடம் பிடித்த தேர் மாதிரி மெதுவாகத்தான் நகர்கிறேன். மின் கட்டணம் கட்ட குழலியே போனாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஞானமுத்து வீட்டில் பாத்திரங்களைக் கட்டும் வேலை. நானும் போனேன். கண்ணாடிச் சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றும் பொறுப்பு எனக்கு. ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுச் சுற்றியதால் தாமதமாகிறது என்று ரெபேக்காள் மைனி அந்தப் பொறுப்பை மாற்றினார். நாள் முழுக்க அங்கேயே இருந்தேன்.

பிப்ரவரி 28, சனி

வழியனுப்பத் திருநெல்வேலி சந்திப்புக்கு நானும் குழலியும் போயிருந்தோம். சாமான்கள் லாரியில் முன்னாலேயே போய்விட்டன. ஞானமுத்து முதுகில் உள்கம்பிப் பையை மாட்டியிருந்தார். அதற்குள் பல் துலக்கியும் இரண்டு நாள் துணியும் குழலி கட்டிக்கொடுத்த புளியோதரையும் இருந்தன.

ரயில் வரும்வரை பைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். தோள்வாரின் அகலம் பற்றி அவர் சொன்னார். இடுப்புப் பட்டையின் கொக்கி பற்றி நான் சொன்னேன். பெண்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரயில் கிளம்பி, கடைசிப் பெட்டியும் போன பிறகு குழலி கேட்டாள்:

"அந்தப் பை கழகத்துப் பைதான? மாத்தி வாங்கலயா?"

பேச்சு சுவாரசியத்தில் விட்டுப்போயிற்று என்றேன்.

"அவ்வளவு நேரம் அதைப் பத்தியேதான பேசுனிய?"

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவள் எனக்குக் கொடுத்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

கழகக் கூட்டம். ஆறு பேர். விதி நான்கின்படி தலைவர் ஊரில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பதால் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆவுடையப்பன் நினைவூட்டினார்.

"எந்த ஊருன்னு விதியில இருக்கா?" என்றேன்.

எடுத்துப் படித்தார். "இல்ல அண்ணாச்சி. ஊருன்னு மட்டும்தான் இருக்கு."

"கிருஷ்ணகிரி ஊருதான?"

"ஊருதான்."

ஞானமுத்துவே தலைவராகத் தொடர்வார் என்பது ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த ஆண்டு மலைநடையைக் கிருஷ்ணகிரிப் பக்கம் வைத்துக்கொள்வது என்பதும் நிறைவேறியது. மீதிப் பைகளை எந்த வகையில் வாங்குவது என்ற பொருள், தலைவர் நேரில் வரும்வரை ஒத்திவைக்கப்பட்டது. வடை சூடாக இருந்தது.

கூட்டம் முடிந்து ஆவுடையப்பன் என்னோடு வீடு வரை வந்தார். வெளிக்கம்பியின் மூட்டுக்குப் போட ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். சத்தம் இருக்கட்டும் என்றேன். டீ குடித்துவிட்டுப் புட்டியைத் திறக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

வெளிக்கம்பிப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் இருக்கிறது. உள்கம்பிப் பை கிருஷ்ணகிரியில் இருக்கிறது.